விசைக்கு வெளியே ஒரு விரல்

ஆயுதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இறந்தபின் அவரை எதைக் கொண்டு நினைப்பது என்ற கேள்வி, இசை கற்பித்தவர்க்கோ இலக்கணம் கற்பித்தவர்க்கோ எழாத ஒரு சங்கடத்தோடு எழுகிறது. பாட்டாசிரியரின் மாணவர் மேடையேறினால் ஆசிரியரின் குரலும் எங்கோ ஓரிடத்தில் கேட்டுவிடும். இலக்கண ஆசிரியரை அவர் மாணவர் எழுதும் வாக்கியத்தில் கண்டுகொள்ளலாம். துப்பாக்கி கற்பித்தவரின் பயிற்சி முழு வெற்றி பெற்ற இடத்திலோ கேட்பதற்கும் காண்பதற்கும் எதுவும் இருப்பதில்லை. வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அடுத்த அறையில் உறங்கிய குழந்தையைச் சுடவில்லை; இரவில் கதவருகே அசைந்த உருவத்தை நோக்கிக் கைநீட்டிய ஒருவர், அது நேரம் கழித்து வீடு திரும்பிய மகன் என்று அறியும்வரை விரலை அசைக்கவில்லை. இத்தகைய நிகழ்வுகள் செய்தியாவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பல வேளைகளில் தவிர்த்தவருக்கே தாம் ஒன்றைத் தவிர்த்தோம் என்பது தெரிவதில்லை. நடக்காமற்போனவற்றை வைத்து ஒரு மனிதருக்கு அஞ்சலி எழுத முடியுமா என்பது இதில் முதல் ஐயம். நடந்தவற்றில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்பது அதைவிடக் கனமான இரண்டாவது ஐயம். 2006 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தம் 86ஆம் வயதில் இறந்த ஜெஃப் கூப்பரின் நினைவு இந்த இரண்டு ஐயங்களையும் ஒருசேரக் கிளறுகிறது. கைத்துப்பாக்கியைக் கையாளும் முறையை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவரளவுக்கு மாற்றியமைத்த ஆசிரியர்கள் மிகச் சிலரே என்பதால், அந்தக் கிளர்ச்சி எளிதில் அடங்குவதாகவும் இல்லை.

கூப்பரின் வாழ்க்கைக் குறிப்பு இங்கே அதிகம் தேவைப்படாது. லாஸ் ஏஞ்சலஸில் 1920இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டில் அரசியல் அறிவியல் படித்து, கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரீன் படையில் அதிகாரியாக இரண்டாம் உலகப்போரைப் பசிபிக் கடலில் கண்டு, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, நாற்பது வயதைக் கடந்தபின் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் வாங்கியவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். 1976இல் அவர் தொடங்கிய பள்ளிதான் முக்கியம். பிரெஸ்காட் நகருக்கு வடக்கே, பால்டன் என்ற சிற்றூருக்கு அருகில், குட்டையான ஜூனிபர் மரங்களும் செம்மண் புழுதியும் நிறைந்த மேட்டுநிலத்தில், பின்னாளில் ‘கன்சைட்’ என்று உலகெங்கும் அறியப்பட்ட அந்தப் பயிற்சிக்களம் அமைந்தது. அதுவரை கைத்துப்பாக்கிப் பயிற்சி என்பது பெரும்பாலும் படைவீரருக்கும் காவலருக்கும் உரியதாகவோ, ஒற்றைக் கையை நீட்டி வட்டப் பலகையைச் சுடும் போட்டிக்காரருக்கு உரியதாகவோ இருந்தது. கன்சைட்டில் பல்மருத்துவரும் கணக்கரும் இல்லத்தரசியும் காவலரின் பக்கத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள். காதை மூடிய கவசத்துக்குள் உலகம் தண்ணீருக்கடியில் போல் மங்கிக் கேட்க, வெடிமருந்தின் காரநெடி மூக்கின் அடியில் தங்க, அப்போதுதான் வெளியே துள்ளிய பித்தளைக் கூடு சட்டைக் கழுத்துக்குள் விழுந்து தோலைச் சுட, உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் ஓர் அசைவை நாள்முழுதும் துண்டுதுண்டாகப் பிரித்துச் செய்வது அங்கே பாடம். தோட்டாக்கூடு சுட்டதும் துள்ளிக் குதித்துக் கையைத் திருப்புகிறவரின் குழல் பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்பும் என்பதால், அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொள்வதும் பாடத்தின் ஒரு பகுதியே. மாணவர்கள் அவரைக் ‘கர்னல்’ என்றே அழைத்தார்கள். அவர் இறந்து ஆண்டுகள் பல கடந்தும் அவ்வுலகில் அடைமொழியின்றிக் கர்னல் என்றால் பலருக்கும் அது அவரையே குறிக்கிறது.

அந்தப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, அதன் பெயரைக்கூட அறியாதவர்கள் வரை சென்று சேர்ந்தவை நான்கு விதிகள். எல்லாத் துப்பாக்கிகளிலும் எப்போதும் தோட்டா இருக்கிறது என்பது முதல் விதி. அழிக்க மனம் ஒப்பாத எதன்மீதும் குழல்வாய், அதாவது தோட்டா வெளியேறும் முனை, ஒரு கணமும் படியக் கூடாது என்பது இரண்டாவது. துப்பாக்கியின் மேலுள்ள குறிமுனைகள் இலக்கின்மீது நிலைகொள்ளும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. சுடப்படுவது எது, அதன் பின்னால் இருப்பது எது என்ற இரண்டையும் ஐயமற அறிந்திருக்க வேண்டும் என்பது நான்காவது. துப்பாக்கிப் பாதுகாப்புக்கு அதற்கு முன்பும் விதிகள் இருந்தன. பத்து, பன்னிரண்டு என்று நீண்ட பட்டியல்களாக, வேலியைத் தாண்டும்போது என்ன செய்வது, மது அருந்தியிருந்தால் என்ன செய்வது என்று தனித்தனிச் சூழல்களுக்கான அறிவுரைகளாக இருந்தன. பதற்றத்தில் கைகொடுக்காத அந்த நீளத்தை நான்காகச் சுருக்கியது கூப்பரின் பணி. சுருக்கியதிலும் ஒரு கட்டமைப்பு இருக்கிறது: இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் மீறினால் பெரும்பாலும் ஓர் அதிர்ச்சியோடு போய்விடும், உயிர் போவதற்கு ஒரே நொடியில் இரண்டையாவது மீற வேண்டும். விரல் தவறி விசையில் பட்டாலும் குழல் மண்ணை நோக்கியிருந்தால் மண்தான் சிதறும். குழல் தவறி மனிதர்மேல் படிந்தாலும் விரல் வெளியே இருந்தால் எதுவும் நடக்காது. தவறு நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு தனியாக வரும்வரை அது கொல்லாதபடி பார்த்துக்கொள்ளும் இந்தச் சிந்தனை ஓர் ஒழுக்கநெறியைவிடப் பொறியியலுக்கு நெருக்கமானது. மனிதரை நல்லவராக்க அது முயல்வதில்லை. அவர் மறதியுள்ளவர், களைப்படைபவர், தடுக்கி விழக்கூடியவர் என்று எடுத்துக்கொள்கிறது.

நான்கிலும் நெடுநேரம் தங்கிப் பார்க்கத் தக்கது முதல் விதி, ஏனெனில் அது வெளிப்படையாகவே உண்மைக்கு மாறானது. எல்லாத் துப்பாக்கிகளிலும் எப்போதும் தோட்டா இருப்பதில்லை. கடைக் கண்ணாடிக்குள் இருப்பவற்றில் இல்லை, துடைப்பதற்காகக் கழற்றி வைத்தவற்றில் இல்லை. ஆகவே பல பயிற்றுநர்கள் இந்த விதியைச் சற்று மென்மையாக்கி, தோட்டா இருப்பதாகக் கருதிக் கையாள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கூப்பர் இதைக் கடுமையாக மறுத்தார். இருப்பதாகக் கருதுகிறவர் உள்ளூர இல்லை என்றே நம்புகிறார், நடிக்கிறார், நடிப்பு களைத்துப்போகும் கணத்தில் அந்த உள்ளூர நம்பிக்கை கையை ஆளும் என்பது அவருடைய வாதம். இங்கே ஓர் ஆசிரியர் தம் மாணவரிடம் கேட்பது விசித்திரமான ஒன்று: கண்ணால் பார்த்து, சிறுவிரலைத் தோட்டா அமரும் அறைக்குள் விட்டுத் தொட்டுப் பார்த்து, வெறுமையை இரண்டு புலன்களாலும் உறுதிசெய்துகொண்ட பின்னும், அந்தத் துப்பாக்கி நிறைந்திருக்கிறது என்று நம்பச் சொல்கிறார். சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிபார்த்ததைக் கொண்டு சலுகை எடுத்துக்கொள்ளாதே என்கிறார். அறிவு வேறு, அந்த அறிவின்மேல் உடலைச் சாய்த்துக்கொள்வது வேறு என்ற இந்தப் பிரிப்பு, தத்துவ நூல்களில் எங்கோ இருக்கலாம். ஒரு பயிற்சிக்களத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருப்பது வியப்புக்குரியது. துப்பாக்கி விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: உள்ளே எதுவும் இல்லை என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார் என்பதுதான் அவலம். கூப்பரின் விதி அந்த நேர்மையான நினைப்பைக் குறிவைக்கிறது.

மூன்றாவது விதி இன்னும் அமைதியானது, இன்னும் பரவலானது. மனிதக் கை ஒரு பொருளைப் பிடிக்கும்போது ஐந்து விரல்களும் சேர்ந்தே மடங்க விரும்புகின்றன. துப்பாக்கியின் பிடியும் விசையும் அந்த விருப்பத்துக்கு ஏற்பவே வடிவமைந்திருப்பதால், பயிற்சியில்லாத எவர் கையில் கொடுத்தாலும் சுட்டுவிரல் தானாக விசையின்மேல் போய் அமர்கிறது. அங்கே அமர்ந்த விரல் சும்மா இருப்பதுமில்லை. கால் இடறினாலும், எதிர்பாராத சத்தம் கேட்டாலும், மற்றொரு கை எதையோ இறுகப் பற்றினாலும், அந்த இறுக்கம் இந்தக் கைக்கும் தாவி விரல் மடங்கிவிடுகிறது. அது விருப்பத்தால் நிகழ்வதன்று, நரம்புகளின் இயல்பு. அதனால் அந்த ஒரு விரலை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து, விசைக்கு மேலே துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக நீட்டி வைக்க வேண்டும் என்றாகிறது. எழுதும்போது எளிதாகத் தோன்றும் இதை உடலுக்குப் புகட்ட ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டும். கூப்பருக்கு முந்தைய தலைமுறையின் படைவீரர் படங்களையும் 1950களின் ஹாலிவுட் படங்களையும் பார்த்தால் விரல் விசையின்மேல் இருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். யாருக்கும் அது உறுத்தவில்லை. இன்றைய படைவீரர், காவலர் படங்களிலும், கவனமாக எடுக்கப்பட்ட திரைப்படங்களிலும் அந்த விரல் பெரும்பாலும் நேராக நீண்டிருக்கிறது. மாற்றம் முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதுவது மிகையாகும். ஆனால் அந்த விதியை அந்த வடிவத்தில் உறுதிப்படுத்திப் பரப்பியவர்களில் அவர் பெயர் முன்னே நிற்கிறது. நீண்டிருக்கும் அந்த விரல்களுக்கு உரியவர்களில் பலர் கூப்பரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஓர் ஆசிரியரின் நினைவு, அவர் பெயர் தெரியாதவர்களின் தசையில் குடியிருப்பது அஞ்சலிக் கூட்டங்களில் சொல்லத் தோன்றாத ஒன்று.

அவர் பெருமையாகக் கருதியவற்றில் பல இந்த அளவுக்கு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலைவாசத்தலத்தில் அவர் நடத்திய போட்டிகளில், உறையிலிருந்து உருவி இடுப்பருகிலிருந்தே சுடுவதுதான் வேகம் என்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், ஜாக் வீவர் என்ற துணை ஷெரிஃப், அதாவது மாவட்டக் காவல் அதிகாரி, துப்பாக்கியை இரண்டு கைகளாலும் கண்மட்டத்துக்கு உயர்த்திக் குறிமுனையைப் பார்த்தே சுட்டு, 1959இல் வெற்றியும் பெற்றார். வலக்கை முன்னே தள்ள இடக்கை பின்னே இழுக்க, அந்தத் தள்ளலும் இழுப்பும் தரும் சமநிலையில் துப்பாக்கியை நிறுத்தும் அம்முறையை ‘வீவர் நிலை’ என்று பெயரிட்டுத் தம் போதனையின் நடுத்தூணாக ஆக்கினார் கூப்பர். 1980களிலேயே போட்டிக்காரர்கள் இரு கைகளையும் சமமாக நீட்டும் வேறு நிலைக்கு மாறத் தொடங்கினார்கள். இன்று பெரும்பாலான பள்ளிகளில் வீவர் நிலை வரலாற்றுப் பாடமாகிவிட்டது. 11.43 மில்லிமீட்டர் குழல் கொண்ட 1911 மாதிரிக் கைத்துப்பாக்கியின்மேல் அவருக்கிருந்த பற்றும் அப்படியே. அமெரிக்கப் படை 1985இல் 9 மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. ஒரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் மூன்று கிலோ எடைக்கும் அடங்கும் ‘ஸ்கவுட்’ என்ற பொதுப்பயன் ரைஃபிளை அவர் பல ஆண்டுகள் கனவு கண்டு, ஆஸ்திரிய நிறுவனமான ஸ்டையர் 1990களின் இறுதியில் அதைச் செய்தும் கொடுத்தது; அதை விரும்புவோர் இன்றும் சிறு வட்டமே. 1976இல் அவரையே முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய சர்வதேசச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பு, உண்மையான துப்பாக்கிச் சண்டைக்குப் பொருந்தாத விளையாட்டாகிவிட்டது என்று அவரே பின்னாளில் சலித்துக்கொண்டார். அவர் பள்ளியும் 1990களின் தொடக்கத்தில் கைமாறி அவரிடமிருந்து விலகி, அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் மறுபடி கைமாறிய பிறகே அவருக்குத் திரும்பக் கதவு திறந்தது.

நிலைத்த விதிகளும் தாமாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இறங்கிவிடுவதில்லை. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ என்ற படத்தின் ஒத்திகையில், நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த சுழல்துப்பாக்கியிலிருந்து பாய்ந்த உண்மையான தோட்டா ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்றது, இயக்குநரும் காயமடைந்தார். அந்தத் துப்பாக்கி கைமாறியபோது அதில் ஆபத்தில்லை என்று உரக்க அறிவிக்கப்பட்டதாக விசாரணை ஆவணங்கள் சொல்கின்றன. விசையைத் தாம் இழுக்கவில்லை என்று பால்ட்வின் சொல்லிவருகிறார். அவர்மீதான வழக்கு 2024இல் தள்ளுபடியானது, படத்தின் ஆயுதப் பொறுப்பாளருக்கு அதே ஆண்டு தண்டனை கிடைத்தது. கூப்பரின் ஆரம்பகாலக் குழுவில் மிக இளையவராக இருந்து, பின்னர் ஹாலிவுட்டில் நடிகர்களுக்குத் துப்பாக்கி பழக்கிய தெல் ரீடின் குடும்பத்திலிருந்து வந்தவர், அவரிடமே தொழில் பழகியவர் அந்தப் பொறுப்பாளர் என்பது இந்த நிகழ்வைப் படிக்கும்போது உறுத்தும் செய்தி. இதில் ஒருவரைக் குற்றம் சாட்டி முடித்துவிடுவது எளிது. நீதிமன்றம் அதைச் செய்தும் விட்டது. ஆனால் திரைப்படக் களம் என்பதே கூப்பரின் விதிகளைத் தொழில்முறையாக மீறும் இடம்: அங்கே கதைக்காக மனிதரை நோக்கிக் குழலை நீட்ட வேண்டும், விரலை விசையில் வைக்க வேண்டும். மற்ற விதிகள் நீக்கப்பட்ட பின் எஞ்சுவது முதல் விதியின் எதிர்மறை ஒன்றே, அதாவது இதில் எதுவும் இல்லை என்ற ஒருவரின் வாக்கு. எந்த வாக்கியத்தை நம்பக் கூடாது என்று கர்னல் ஆயுள் முழுவதும் கத்தினாரோ, அந்த வாக்கியத்தின்மேல் ஒரு தொழில் முழுவதும் நிற்கிறது.

இதுவரை சொன்னது ஒரு கூப்பர். மற்றொரு கூப்பரைச் சொல்லாமல் விட்டால் அஞ்சலி அரைகுறையாகிவிடும். அவர் தேசிய ரைஃபிள் சங்கத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர். ஆயுதக் கட்டுப்பாடு கோருவோரை மனநோயாளிகளாகக் காட்டுவதற்கென்றே 1962இல் ஒரு சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டவர். வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவைப் பரிவோடு நினைவுகூர்ந்தவர். தம் குறிப்புகளில் பிற இனத்தவரை இழிசொல்லால் குறிக்கத் தயங்காதவர். லாஸ் ஏஞ்சலஸில் துப்பாக்கிக்கு இரையாவோரில் பெரும்பாலோரின் சாவு சமூகத்துக்கு இழப்பன்று என்ற பொருளில் 1990களின் தொடக்கத்தில் துப்பாக்கி இதழொன்றில் அவர் எழுதியதும் பதிவில் இருக்கிறது. அவருடைய மாணவர்கள் பலர் இவற்றை ஒரு முதியவரின் முரட்டுப் பேச்சாக ஒதுக்கிவைத்துக் கைத்திறனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிரித்தெடுக்க முடியுமா என்று ஐயுற இடமுண்டு. ஏனெனில் அவர் கையோடு நிற்கவில்லை, மனத்தையும் கற்பித்தார். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களால் அவர் வகுத்த மனநிலைகள் இன்றும் போதிக்கப்படுகின்றன: சுற்றுப்புறம் அறியாத நிலை வெள்ளை, குறிப்பிட்ட ஆபத்து எதுவுமின்றி, ஆனால் இன்று ஒருவேளை போரிட வேண்டியிருக்கலாம் என்ற நினைவோடு உலவுவது மஞ்சள், குறிப்பிட்ட ஒருவர்மேல் ஐயம் குவிவது ஆரஞ்சு, அவர் இன்னதைச் செய்தால் சுடுவேன் என்ற முடிவு மனத்தில் தயாராகிவிட்டது சிவப்பு. இவை விழிப்புணர்வின் படிகள் என்று பலர் எளிமைப்படுத்தியபோது அவர் திருத்தினார். கொல்லும் முடிவுக்கு மனம் எவ்வளவு ஆயத்தமாயிருக்கிறது என்பதே தாம் அளந்தது என்றார். விரலைத் தடுத்த அதே ஆசிரியர், மனத்திலிருந்த தடையைப் படிப்படியாகக் கழற்றவும் கற்றுக்கொடுத்தார். மாணவர் சுடும்போது விசையை வெடுக்கென இழுக்காமல் சீராக அழுத்த வேண்டும், எந்த நொடியில் வெடிக்கும் என்பது சுடுபவருக்கே சிறு வியப்பாக வர வேண்டும் என்பதும் அவர் பாடம். குறி பிசகாமலிருக்க அதுவே வழி என்பது உண்மைதான், ஆயினும் முடிவெடுத்தவரே அந்த நொடியை அறியாதிருக்கும் அந்த நுட்பத்தைப் படிக்கையில் ஒரு குளிர் ஓடுகிறது.

பயன்படாத ஆயுதம் பற்றித் தமிழ் மரபிலும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, மயிற்பீலி சூட்டி நெய் பூசி அடுக்கிய அவனுடைய படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்ற பொருள்படப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். புகழ்வதுபோல் பழிக்கும் அந்தப் பாட்டில், சிதையாத ஆயுதம் கையாலாகாமையின் அடையாளம். கூப்பரின் நான்கு விதிகள் நேர் எதிராக, சுடாத துப்பாக்கியைக் கைதேர்ச்சியின் அடையாளமாக்குகின்றன. அவருடைய நான்கு நிறங்களோ மறுபடி ஔவையின் பக்கம் சாய்கின்றன. அவர் இந்த முரணை உணர்ந்ததாகத் தெரியவில்லை. அடக்கமும் ஆயத்தமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று அவர் நம்பியிருக்கலாம். போர்க்களத்தில் அது பொருந்தவும் கூடும். ஆனால் அவர் கற்பித்தது போர்க்களத்துக்கு மட்டும் அன்று. பல்பொருள் அங்காடிக்கும், வாகன நிறுத்தத்துக்கும், படுக்கையறையின் மேசை இழுப்பறைக்கும் அந்த மஞ்சள் நிறம் போய்ச் சேர்ந்தது. தம்மைச் சுற்றியுள்ளோரில் யாரைச் சுட வேண்டியிருக்கும் என்ற மெல்லிய எண்ணத்தோடு நாள்தோறும் நடமாடுவது ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்ற கேள்வியை, வரலாறு படித்த அந்த மனிதர் கேட்டிருக்க வேண்டும்.

எண்கள் சில வேளைகளில் ஒரு போதனையின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டிவிடுகின்றன. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் கொலையுண்டவர்கள் 20,958 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328 பேர். தவறிச் சுட்டதால் இறந்தவர்கள் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது பேர். நூறில் ஒருவர் என்று சொல்லலாம். விபத்துச் சாவுகள் 1970களின் முற்பாதியில் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேல் இருந்து இந்த அளவுக்குக் குறைந்ததில் கூப்பரின் விதிகளுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அதை அளக்க வழியில்லை, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த விதிகள் காவல் நிற்கும் வாசல் எவ்வளவு குறுகியது என்பதும் இங்கேயே தெரிகிறது. எஞ்சிய சாவுகளில் பெரும்பாலானவற்றில் துப்பாக்கியில் தோட்டா இருப்பது தெரிந்தே இருந்தது. குறி நிலைகொண்ட பின்னரே விரல் விசைக்குச் சென்றது. இலக்கு எது என்பதில் ஐயமே இல்லை. தற்கொலையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கொடுமையாக விளங்கும்: தன் நெற்றியை நோக்கிக் குழலைத் திருப்புகிறவர் அந்த நொடியில் நான்கு விதிகளில் எதையும் மீறவில்லை. அழிக்க மனம் ஒப்பாத எதன்மீதும் என்று இரண்டாவது விதி சொல்கிறது. மனம் ஒப்பிவிட்டால் விதி விலகி நின்றுகொள்கிறது. அந்த மனம் காலையில் ஒப்பி மாலையில் மாறக்கூடியது என்பதையோ, துப்பாக்கியால் முயல்வோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை ஆதலால் மாறுவதற்கான மாலை அவர்களுக்கு வருவதேயில்லை என்பதையோ அந்த விதி அறியாது. தசையின் பலவீனத்தை அத்தனை நுணுக்கமாக அறிந்த ஆசிரியர், விருப்பத்தின் பலவீனத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கையை நம்பாதவர், மனத்தை முழுதாக நம்பிவிட்டார்.

இந்த இடைவெளியைக் கண்டவர்கள் ஆயுதக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியவர்கள் மட்டும் அல்லர் என்பதால் இதை இங்கே சொல்ல முடிகிறது. கூப்பர் இறந்து ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின், 2009இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரு வாரத்துக்குள் வாங்கிய சில மணி நேரத்தில் தம்மைச் சுட்டுக்கொண்டார்கள். சட்டப்படி விற்பனையில் எந்தப் பிழையும் இல்லை. அதன் பின்னர் அந்த மாநிலத்தின் துப்பாக்கி வணிகர்களும் பயிற்றுநர்களும் பொதுநலவாழ்வு ஆய்வாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, வாங்க வருபவரின் நிலையை எப்படிக் கவனிப்பது, எப்போது விற்காமல் திருப்பியனுப்புவது என்பதற்கான குறிப்புகளைக் கடைகளுக்கு எழுதினார்கள். துப்பாக்கியாளர் வட்டங்களில் பத்துக் கட்டளைகள் என்று வழங்கிவந்த பழைய பாதுகாப்புப் பட்டியலோடு பதினொன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவும் அங்கிருந்தே வந்தது. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால் அவர் மீளும்வரை துப்பாக்கிகளை வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். யூட்டா மாநிலத்தில் துப்பாக்கி உரிமைக்காக வாதாடுவோரே முன்னின்று, மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்துக்கான வகுப்புகளில் தற்கொலைத் தடுப்பைப் பாடமாகச் சேர்த்தார்கள். அந்தப் பாடத்தைச் சொல்லித்தரும் பயிற்றுநர், சுட்டுவிரலை நேராக நீட்டி வைக்கக் கற்றுத்தரும் அதே வகுப்பில், நண்பரின் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது எப்படி என்றும் கற்றுத்தருகிறார். கூப்பரின் நான்கு விதிகளில் இது இல்லை. அவருக்குப் பின்வந்தவர்கள்தாம் சேர்த்தார்கள்.